பிரவுசரைப் பிடித்த பேயும் அதை ஓட்டியவர்களும்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, அதைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடு. ஆனா பாடம் நடத்திடாதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாடம் நடத்துகிற தகுதி எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை என்பது 1993-96 பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் செட்டில் என்னோடு படித்த அனைவருக்கும் தெரியும். ஆகவே கதை சொல்கிறேன். சரித்திரக் கதைதான், ஆனால் நம் காலத்துச் சரித்திரம். நடுநடுவே என் வீட்டுக் கதையும் எட்டிப் பார்க்கும். பொறுத்தருள வேண்டும்.

நம் லேப் நினைவிருக்கிறதா? செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் போவோம். ஏ.சி. காற்று முகத்தில் படும்போதே ஒரு மரியாதை வந்துவிடும். வாசலில் லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் உட்கார்ந்திருப்பார். "வெளி ஃபிளாப்பியா? எடுய்யா இங்க" என்று வாங்கி, ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். அந்நாளில் வைரஸ் என்பது ஃபிளாப்பியில் வருகிற சமாச்சாரம். உலகெங்கும் பரவிய முதல் பி.சி. வைரஸ் என்று சொல்லப்படும் பிரெய்ன், 1986-இல் லாகூரைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் அவர்கள் தங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! தங்கள் மென்பொருளைத் திருட்டுக் காப்பி எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் வைரஸ் எழுதியவனுக்குக் காசு கிடைக்காது. பெயர் கிடைக்கும், பல பேருக்கு அதுவும் கிடைக்காது.

நாம் கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு இந்த நிலைமை தலைகீழாக மாறியது. அந்த மாற்றம் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

வீட்டில் நடந்தது

2002-இல் சென்னையில் வேலையில் இருந்தபோது, ஊரில் வீட்டுக்கு ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தேன். எனக்குப் பத்து வயது இளைய தம்பி ஒருவன் உண்டு. 2004 ஜனவரியில் பிளஸ் டூ. பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நம் கல்லூரியில், நான் படித்த அதே டிபார்ட்மெண்டில் சேர வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்பா பள்ளி ஆசிரியர். பொங்கல் முடிந்த வாரம், தம்மோடு வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து வந்து, இன்டர்நெட் என்றால் என்ன என்று பெருமையாகக் காட்ட உட்கார்ந்திருக்கிறார். டெலிபோன் வழியாக அந்தக் 'கிர்... கீ...' சத்தம் போட்டு இணைப்பு வந்து, பிரவுசரைத் திறந்தால், எப்போதும் வருகிற பக்கம் வரவில்லை. யாரும் கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம். அதன் மேலேயே ஆபாசப் படங்களோடு சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒன்றை மூடினால் இரண்டு திறந்தன. வந்தவர் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாராம்.

அம்மா போனில், "ஒடனே கிளம்பி வா" என்றார். வந்தேன். அப்பா மானிட்டரின் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். தம்பி மூலையில் நின்றான். "நான் எதுவும் பண்ணலண்ணே. அதுவா வருது" என்றான்.

அதுவாக வருகிறதாம்! நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லவா? உட்கார்ந்தேன். ஹோம் பேஜை மாற்றினேன். மிஷினை ஆஃப் செய்து ஆன் செய்தேன். மறுபடி அதே பக்கம். பிரவுசரின் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். கூசும்படியான முகவரிகள் வரிசையாக இருந்தன. அப்பாவைப் பார்த்து, "போகாம எப்படிப்பா வரும்?" என்றேன். அவ்வளவுதான். நிபுணர் சாட்சி சொல்லியாயிற்று, தீர்ப்பும் ஆயிற்று. ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டு ஞாயிறு இரவு பஸ் ஏறினேன். தம்பி பிராக்டிகலுக்கு எழுதி வைத்திருந்த புரோகிராம்களும் அதோடு போயின.

அந்த வருடம் நம் கல்லூரிக்கு அப்பா விண்ணப்பம் வாங்கவே இல்லை. "இவனுக்கு அந்த மிஷின் வேண்டாம்" என்று சொல்லி, உள்ளூரிலேயே ஒரு கல்லூரியில் பி.காம். சேர்த்துவிட்டார்.

கதவை யார் திறந்து வைத்தது?

இனி சரித்திரம். 1996-இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் மூன்றாம் பதிப்பில் ஆக்டிவ்-எக்ஸ் என்ற வசதியைக் கொண்டு வந்தது. ஓர் இணையப் பக்கம் தனக்கு வேண்டிய புரோகிராமை நம் கம்ப்யூட்டரிலேயே இறக்கி ஓட்டலாம். 1997-இல் வந்த நான்காம் பதிப்பில் 'பிரவுசர் ஹெல்ப்பர் ஆப்ஜெக்ட்' என்று இன்னொரு வசதி. பிரவுசர் திறக்கும்போதே கூடவே விழித்துக்கொள்ளும் உதவியாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எங்கே போகிறோம், என்ன தட்டுகிறோம் என்பதெல்லாம் அந்த உதவியாளுக்குத் தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்த வசதிகள்தான். ஆனால் உதவியாள் யார், எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதை வீட்டில் போட்டவர்கள் பெரும்பாலும் முழு நிர்வாகி அதிகாரத்தோடுதான் பயன்படுத்தினார்கள். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. ஆக, நம் பெயரால் ஓடும் எந்தப் புரோகிராமும் வீட்டின் எந்த அறைக்குள்ளும் போகலாம். அன்றைக்கு உலகத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரே பூட்டு கோடிக்கணக்கான வீடுகளுக்கு என்றால், திருடன் ஒரே ஒரு சாவி செய்தால் போதாதா?

சரி, திருடனுக்கு இதில் என்ன லாபம்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் கோடூ.காம் என்ற தேடல் நிறுவனம் ஒரு புது வழி கண்டுபிடித்தது. தேடும் சொல்லுக்கு ஏலம் விட்டது. யார் அதிகம் தருகிறார்களோ அவர்கள் விளம்பரம் மேலே வரும். யாராவது அதைத் தட்டினால் மட்டும் காசு. இந்தக் கம்பெனிதான் பின்பு ஓவர்ச்சூர் என்று பெயர் மாறி, 2003-இல் யாகூ கைக்குப் போனது. ஏலம் விட்டவர்கள் நியாயமான வியாபாரிகள்தாம். ஆனால் ஆளைத் தேடல் பக்கத்துக்கு அழைத்து வந்தால் கமிஷன் என்ற ஏற்பாடு பரவியதும், பஸ் ஸ்டாண்டில் லாட்ஜ் புரோக்கர்கள் பயணிகளின் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதுபோல் ஆயிற்று நிலைமை. உங்கள் ஹோம் பேஜைத் தன் பக்கமாக மாற்றிவிட்டால், நீங்கள் பிரவுசரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவனுக்குச் சில பைசாக்கள் விழும். லட்சம் வீடுகளில் அப்படிச் செய்தால்? அந்தப் பைசாதான் இந்தப் பேயின் உயிர்நிலை.

இந்த வகையில் மிகப் பெரிய பெயர் எடுத்தது கூல்வெப்சர்ச். 2003 மே மாத வாக்கில் தலைகாட்டியது. அதன் முதல் அவதாரத்தைப் பற்றிப் படித்தபோது, சும்மா சொல்லக்கூடாது, எழுதியவனின் மூளையை நினைத்து அசந்துபோனேன். பக்கங்களின் எழுத்தும் நிறமும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதற்காக 'ஸ்டைல் ஷீட்' என்று ஒன்று உண்டல்லவா? அழகு சாதனம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்குள் ஓடும் நிரலை ஒளித்து வைத்திருந்தான். பவுடர் டப்பாவுக்குள் கத்தி! கம்ப்யூட்டர் மெதுவாகும், தட்டிய எழுத்து திரையில் வர நேரமாகும், விளம்பர ஜன்னல்கள் திறக்கும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைப் போட்டுத் தேடினால் ஒன்றும் இல்லை என்று சொல்லும்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு அவதாரம். மைக்ரோசாஃப்டின் ஜாவாவில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, நாம் எதையும் தட்டாமலே, ஒரு பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே நுழைந்த வகையும் உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2003 ஏப்ரலிலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் நிமிடக் கணக்கில் டெலிபோன் பில் ஏறிய நாட்களில் நம் வீடுகளில் யார் அதை இறக்கிப் போட்டார்கள்? நான் போடவில்லை. கம்ப்யூட்டர் படித்த நானே போடவில்லை.

பேய் ஓட்டியவர்கள்

பெரிய வைரஸ் எதிர்ப்புக் கம்பெனிகள் முதலில் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் நம்புவீர்களா? அவர்கள் பார்வையில் இது வைரஸ் அல்ல. ஃபைலை அழிக்கவில்லை, ஃபிளாப்பிக்குப் பரவவில்லை. பலவற்றில், படிக்க முடியாத அளவு நீளமான ஒப்பந்தத்தின் அடியில் நாமே 'சம்மதம்' என்று தட்டியிருப்போம். வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. பயம் வீண் பயமல்ல; கேட்டர் என்ற விளம்பர மென்பொருள் கம்பெனி, தன் சரக்கை 'ஸ்பைவேர்' என்று எழுதியவர்கள் மேல் 2003-இல் வழக்கே தொடுத்தது.

ஆகவே இந்தப் பேயை ஓட்டும் வேலை சம்பளமில்லாதவர்கள் தலையில் விழுந்தது. அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் என்பவர் 2000-இல் தம் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓர் ஒற்றனைக் கண்டுபிடித்து, அதை நீக்க ஒரு சிறு மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுத்தார். ஜெர்மனியில் பாட்ரிக் கோல்லா எழுதிய ஸ்பைபாட் உலகம் பூராவும் பரவியது. அதுவும் இலவசம்தான்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தவர் மெரைன் பெல்லகோம் என்ற ஹாலந்து நாட்டு மாணவர். ஆம், மாணவர்! இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கூல்வெப்சர்ச்சின் ஒவ்வொரு அவதாரத்தையும் பிடித்து, பெயர் வைத்து, எந்த நாளில் முதலில் தென்பட்டது, எங்கே ஒளிகிறது, எப்படி எடுப்பது என்று ஒரு சரித்திரக் குறிப்பேடே எழுதினார். அதை ஒழிக்கவென்றே சி.டபிள்யூ. ஷ்ரெடர் என்ற மென்பொருளை எழுதினார். எதிரி சும்மா இருப்பானா? ஸ்மார்ட்கில்லர் என்ற அவதாரம், ஷ்ரெடரையோ ஸ்பைபாட்டையோ திறந்தவுடனேயே அந்த ஜன்னலை மூடிவிடும். டாக்டர் ஊசியை எடுக்குமுன் நோய் வந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொள்வதுபோல! அந்த ஸ்மார்ட்கில்லரைக் கொல்ல மட்டும் தனியாக ஒரு குட்டி மென்பொருள் வெளியிட வேண்டியதாயிற்று.

பெல்லகோமின் இன்னொரு படைப்பு ஹைஜாக்திஸ். இதைப் பற்றி இரண்டு பாரா எழுதாமல் விட எனக்கு மனமில்லை. இது எதையும் 'கெட்டது' என்று சொல்லாது. ஒரு கம்ப்யூட்டரில் எங்கெல்லாம் அந்நியன் ஒளியலாமோ அந்த இடங்களையெல்லாம் சுற்றிப் பார்த்து, இருப்பதை இருப்பது இருந்தபடி பட்டியல் போடும். ஆர்-0, ஆர்-1 என்று தொடங்கும் வரிகள் ஹோம் பேஜும் தேடல் பக்கமும். ஓ-1 என்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைல். அதாவது நம் வீட்டு டெலிபோன் டைரியிலேயே வங்கியின் பெயருக்கு நேரே வேறு எவன் நம்பரையோ எழுதி வைக்கும் வேலை. ஓ-2 அந்தப் பிரவுசர் உதவியாட்கள். ஓ-4 கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே எழுந்துகொள்ளும் புரோகிராம்கள். நான் ஹோம் பேஜை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தபோது பழையபடி வந்தது ஏன் என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது. நான் பலகையைத் திருத்திக்கொண்டிருந்தேன். பலகை எழுதுகிறவன் காலையில் எழுந்ததும் மறுபடி எழுதினான். சில வகைகளில் அவனும் ஓர் ஆள் அல்ல, இரண்டு ஆள். ஒருவனை நிறுத்தினால் மற்றவன் எழுப்பிவிடுவான். அதனால்தான் சேஃப் மோடில் போய், இருவரும் எழுந்திராத நேரத்தில் எடுக்க வேண்டும் என்பார்கள்.

பட்டியலைப் படிப்பது எளிதல்ல. நல்லவனும் கெட்டவனும் ஒரே வரிசையில் நிற்பார்கள். எல்லாவற்றையும் டிக் செய்து நீக்கினால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். ஓ-10 என்ற வரி இருக்கிறதே, அது இணைய இணைப்புச் சங்கிலியின் நடுவில் போய்க் கோத்துக்கொண்ட வளையம். அவசரப்பட்டு அதைப் பிடுங்கினால் சங்கிலி அறுந்து இன்டர்நெட்டே வராது. ஆகவே ஜனங்கள் தங்கள் பட்டியலை விவரம் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். முன்பின் பார்த்திராத தன்னார்வலர்கள், ஒவ்வொரு வரியாகப் படித்து, "இதை எடு, அதைத் தொடாதே" என்று இரவு பகலாகப் பதில் எழுதினார்கள். கட்டணம் கிடையாது.

2004-இல் 'அபவுட் பிளாங்க்' என்ற அவதாரம் வந்தபோது ஷ்ரெடரால் அதைச் சமாளிக்க முடியவில்லை. வெற்றுப் பக்கம்போல் பெயர் காட்டும். உள்ளே முழுத் தேடல் கடையே இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்ளும். ஒரு மாணவர் எத்தனை நாள் தனியாக மல்லுக்கட்டுவார்? அந்த ஆண்டு ஷ்ரெடர் வேறு ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. ஹைஜாக்திஸ் 2007-இல் டிரெண்ட் மைக்ரோவிடம் போய், 2012-இல் எல்லோருக்கும் பொதுவான திறந்த நிரலாயிற்று.

பேய் ஓட்டுவதாகச் சொல்லி வந்த பேய்கள்

ஜனங்களுக்குப் பயம் வந்தால் பயத்தை விற்கவும் ஆள் வருவான். 2004 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஸ்பைவேருக்கு எதிரான தன் முதல் வழக்கைப் போட்டது. குற்றம் சாட்டப்பட்டவர், ஏற்கெனவே குப்பை மெயில் அனுப்பிப் பேர் எடுத்திருந்த சான்ஃபோர்ட் வாலஸ். அவர் கடை வேலையைக் கேளுங்கள். முதலில் ஹோம் பேஜை மாற்றுவது, ஜன்னல்களைத் திறப்பது. பிறகு சி.டி. டிரைவ் தானாகவே வெளியே நீட்டிக்கொள்ளும். திரையில் "இறுதி எச்சரிக்கை" வரும். உங்கள் சி.டி. டிரைவ் திறந்திருந்தால் ஸ்பைவேர் இருக்கிறது என்று அர்த்தமாம். அதை நீக்க ஸ்பை வைப்பர் வாங்குங்கள், விலை சுமார் 30 டாலர்! பேயை ஏவியவனே வாசலில் வந்து வேப்பிலை விற்றான். 2006-இல் 40 லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதே ரகத்தில் வின்ஃபிக்சர் வகையறாப் போலி மருந்துகளை விற்றவர்கள் மேல் 2008-இல் வழக்கு வந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் ஏமாந்ததாக அரசுத் தரப்பு சொன்னது. 2012-இல் 16 கோடியே 30 லட்சம் டாலருக்குத் தீர்ப்பானது. ஜாங்கோ என்ற விளம்பர மென்பொருள் கம்பெனி 2006-இல் 30 லட்சம் டாலர் கட்டிச் சமாதானமாயிற்று. அதன் சரக்கு 7 கோடி தடவைக்கு மேல் கம்ப்யூட்டர்களில் ஏறி, 690 கோடி விளம்பர ஜன்னல்களைத் திறந்தது என்பது கமிஷன் சொன்ன கணக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அபராதம் எவ்வளவு சொற்பம் என்று பி.காம். படித்தவர்கள் சொல்வார்கள். நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆவது பிரிவில், உரியவர் அனுமதியின்றி இத்தகைய அசுத்தத்தை அவர் கம்ப்யூட்டரில் புகுத்துவது தவறு என்று எழுதி வைத்திருக்கிறது.

பூட்டு போட்டவர்களும் மெல்ல விழித்துக்கொண்டார்கள். 2004 ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாம் சர்வீஸ் பேக், ஜன்னல்களைத் தடுக்கும் வசதியைக் கொண்டு வந்தது. நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளியாயிற்று. டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஸ்பைவேர் எதிர்ப்புக் கம்பெனியையே வாங்கியது. இன்று உங்கள் விண்டோஸில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் டிஃபெண்டரின் பூர்வோத்திரம் அதுதான்.

தம்பி தங்கைகளுக்கு

பேய் அதோடு செத்துப்போகவில்லை. வேஷ்டி மாற்றிக் கட்டிக்கொண்டது. 2010 வாக்கில் டூல்பார் என்ற வேஷம். இலவசமாக எதை இறக்கினாலும், 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டும் அவசரத்தில், முன்பே டிக் செய்து வைத்த கட்டத்தின் வழியாக ஒரு டூல்பார் கூடவே வந்துவிடும். இதற்கென்று 2011-இல் பிரான்சில் ஒருவர் எழுதிய அட்வ்கிளீனர், 2016-இல் மால்வேர்பைட்ஸ் கம்பெனிக்குப் போய், அதன் பிறகும் இலவசமாகவே தொடர்ந்தது. 2015-இல் இன்னும் மோசம்: லெனோவோவின் சில புது லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் கடையிலிருந்தே வருகிறது என்று வெளிவந்தது. பெட்டி பிரிக்காத புது மிஷின்!

2017-இல் செக்பாயிண்ட் நிறுவனம், ஃபயர்பால் என்ற பிரவுசர் கடத்தல் உலகத்தில் 25 கோடி கம்ப்யூட்டர்களில் இருக்கிறது, அதில் அதிகம் இந்தியாவில், 2 கோடியே 53 லட்சம் என்று அறிவித்தது. இந்த எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. சண்டை எண்ணிக்கையைப் பற்றித்தான், ஃபயர்பால் இருந்ததைப் பற்றி அல்ல.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது கடத்தல் வருவது பெரும்பாலும் இரண்டு வாசல் வழியாக. ஒன்று, பிரவுசரில் நாமே சேர்க்கும் எக்ஸ்டென்ஷன். மற்றொன்று, "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்கும்போது 'அலவ்' என்று தட்டிவிடுவது. பிரவுசர் தடம் மாறினால் பதற வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, தெரியாததை எடுங்கள். தேடல் எஞ்சின் எது, திறக்கும் பக்கம் எது என்று செட்டிங்ஸில் பாருங்கள். நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களைத் துடையுங்கள். விண்டோஸில் சமீபத்தில் ஏறிய புரோகிராம்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் பிரவுசர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, அதன் முகவரிக்குப் பின்னால் ஏதாவது வால் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடைசியில் பிரவுசரை ரீசெட் செய்யலாம். திரையில் தோன்றும் போன் நம்பரை மட்டும் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். என்னைப்போல் எடுத்த எடுப்பில் ஃபார்மட்டும் செய்யாதீர்கள்.

கனெக்டிகட் வகுப்பறை

ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 2004 அக்டோபர் 19. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், நார்விச் என்ற ஊர். ஏழாம் வகுப்புக்கு அன்று ஒரு தற்காலிக ஆசிரியை வந்திருந்தார். வகுப்பறையில் விண்டோஸ் 98 போட்ட பழைய கம்ப்யூட்டர். பள்ளி வைத்திருந்த இணையத் தடுப்பு மென்பொருளின் சந்தா புதுப்பிக்கப்படவில்லை. பிள்ளைகள் ஏதோ தலையலங்காரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் ஆபாச ஜன்னல்கள் திறக்க ஆரம்பித்தன. மூட மூடத் திறந்தன. அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் குறைவு. மிஷினை ஆஃப் செய்யக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். திரையைப் பிள்ளைகள் பார்க்காதபடி தள்ளிவிடப் பார்த்தார். உதவி கேட்டு ஓடினார்.

வழக்குப் போட்டார்கள். கம்ப்யூட்டரைப் பரிசோதித்த போலீஸ்காரர், முகவரிகள் பதிவாகியிருக்கின்றன, ஆகவே இவர்தான் தட்டிப் போயிருக்க வேண்டும் என்று சாட்சி சொன்னார். ஸ்பைவேர் இருக்கிறதா என்று தேடவே இல்லை. 2007 ஜனவரியில் நான்கு குற்றங்களுக்கு அவர் குற்றவாளி என்று ஜூரிகள் முடிவு செய்தார்கள். 40 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றங்கள். அப்புறம்தான் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்கள் பலர் கூலி வாங்காமல் சேர்ந்து அந்த ஹார்ட் டிஸ்க்கை ஆராய்ந்து, அவர் அந்த வகுப்புக்கு வருவதற்கு முன்பே அதில் ஸ்பைவேர் இருந்தது என்று எடுத்துக் காட்டினார்கள். 2007 ஜூனில் நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். ஆனாலும் வழக்கு 2008 நவம்பர் வரை இழுத்தது. கடைசியில் ஒழுங்கீனம் என்ற சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு, 100 டாலர் அபராதம் கட்டி, ஆசிரியர் சான்றிதழை விட்டுக்கொடுத்து வெளியே வந்தார்.

2007-இல் இந்தச் செய்தியை ஆபீஸில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. "போகாம எப்படி வரும்?" அந்தப் போலீஸ்காரர் சொன்னதை அவருக்கு மூன்று வருஷம் முன்னாலேயே எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் சொல்லியிருந்தேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. 2003 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரீன்சேவரை இலவசமாக இறக்கிப் போட்டேன். கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நீந்தும். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. இறக்கும்போது ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் 'எஸ்' என்று தட்டினேன்.

அன்று இரவே தம்பிக்கு போன் செய்தேன். பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அந்த மீன் தொட்டிதான்னு எனக்கு அப்பவே தெரியும்ண்ணே. நீ போட்டுட்டுப் போன மறுநாள்லேருந்துதான் மெதுவா ஆச்சு" என்றான்.

"அப்பவே சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னேனே. நீ ஹிஸ்டரியப் பாத்துக்கிட்டிருந்தே."